செம்பனைக் காட்டுக்குள் காண்டிக்கி-என்ஜி

மலேசியாவின் பேராக்கில், உத்தான் மெலிந்தாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு நீர்மட்டப் பெட்டி, மழைமானி, பம்ப் கண்ட்ரோல் பேனல் எல்லாம் பொருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. வெளிக்காட்டில் நிற்கிற பெட்டிகளை காண்டிக்கி-என்ஜி என்ற சிறு இயங்குதளத்துக்கு மாற்றி, ஒரு மழைப் பருவம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தாயிற்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கக் காத்திருந்து, ஏதாவது நடக்கும்போது மட்டும் எழுந்து வேலை பார்க்க வேண்டிய கருவிக்கு இது அருமையான சாமான். பம்ப் மோட்டாரை ஓட்டுகிற பேனலுக்கு இதைப் போட மாட்டேன். பேட்டரி விஷயத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் இறங்க வேண்டாம்.

இந்தப் பெட்டிகள் எதற்கு என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். பெர்னாம் ஆற்றங்கரைத் தாழ்நிலம் இது. கடல் ஏறினால் வாட்டர் கேட்டை மூட வேண்டும், இறங்கினால் திறந்து வடிக்க வேண்டும். வடித்துக்கொண்டே போகவும் முடியாது. கடலோரத் தோட்டங்களில் பல இடத்தில் அமில சல்பேட் மண். அடியில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் கலந்த கனிமம் படிந்த அடுக்கு கிடக்கிறது. கால்வாயில் தண்ணீர் அளவுக்கு மீறி இறங்கி அந்த அடுக்கில் காற்றுப் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். செம்பனை வேர் தாங்காது. இலை தழை மக்கிய பீட் மண்ணாக இருந்தால் காய்ந்து தாழ்ந்துபோகும், தீயும் பிடிக்கும். சரி என்று தண்ணீரைத் தேக்கிவைத்தால் வேர் அழுகும். ஆக, நிலத்தடி நீரை மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் ஆழத்திலேயே பிடித்து நிறுத்த வேண்டும். முன்பெல்லாம் மண்டோர் மோட்டார் சைக்கிளில் ஒவ்வொரு பிளாக்காகப் போய் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். நடுராத்திரி கொட்டுகிற மழைக்கு யார் போய்ப் பார்ப்பது? லயத்து வீடுகளின் வாசலுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் ஆபீசுக்கே சேதி போகும். பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் கட்டில் மேல் ஏற்றி வைத்துவிட்டு விடியும் வரை உட்கார்ந்திருந்த குடும்பங்கள் இங்கே நிறைய. எனக்கு இந்த வேலையில் இருக்கிற அக்கறை அங்கிருந்து வந்ததுதான்.

ஒரு பெட்டி பார்க்க வேண்டிய வேலை அதிகமில்லை. கால்மணிக்கு ஒரு தடவை நீர்மட்டம் எடுக்க வேண்டும். மழைமானி கவிழும்போது எண்ண வேண்டும். மிதவை சுவிட்ச் மேலே ஏறினால் உடனே சேதி அனுப்ப வேண்டும். பக்கத்துப் பெட்டியின் சேதி வந்தால் வாங்கி அடுத்ததற்குத் தள்ளிவிட வேண்டும். இதற்கு நடுவில் தூங்க வேண்டும். ஒரு நாளின் 86,400 விநாடியில் இந்த வேலைகள் எல்லாம் சேர்ந்தாலும் சில விநாடிகள்தான் பிடிக்கும்.

சந்தையில் கிடைக்கிற பெரும்பாலான பெட்டிகளுக்குள் இருக்கும் நிரலைத் திறந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். முடிவில்லாத ஒரு சுற்று. சென்சாரைப் படி, அனுப்பு, இத்தனை விநாடி சும்மா இரு, திரும்பப் படி. அந்தச் ‘சும்மா இரு’ என்ற வரியில் நிற்கும்போது சிப்புக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. அனுப்புகிற வேலை இழுத்தடித்தால் எல்லாமே அதன் பின்னால் நிற்கும். வெயில் காலத்தில் இது ஒரு குறையாகவே தெரியாது. மழை வலுக்கிற நேரத்தில்தான் ஒரே சமயத்தில் நாலு காரியம் வந்து சேரும், அப்போதுதான் அந்தச் சுற்று திணறும்.

நிகழ்வை வைத்து ஓடும் இயங்குதளம் இந்தச் சுற்றை நம் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. டைமர் முடிந்தது, சுவிட்ச் மாறியது, ரேடியோவில் பாக்கெட் வந்தது, இப்படி ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு. ஒவ்வொரு வேலைக்கும் எழுதிய நிரல் துண்டுக்குப் புராசஸ் என்று பேர். நிகழ்வு யாருக்கு வந்ததோ அந்தப் புராசசை மட்டும் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் எழுப்பும். அது தன் வேலையை முடித்துவிட்டுத் தானாகவே கையை விட வேண்டும். யாருக்கும் எதுவும் இல்லையென்றால் சிப் தூங்கப் போகும்.

இந்த வழியில் பேர் வாங்கிய முதல் ஆள் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2000-ஐ ஒட்டி வந்த டைனிஓஎஸ். அதற்கு நெஸ்சி என்று தனி மொழியே கற்க வேண்டும். ஒரு காரியத்தைத் தொடங்குவது ஒரு இடத்தில், அது முடிந்த சேதி வந்து விழுவது இன்னொரு இடத்தில். எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துப் படித்தால் தலை சுற்றும். சுவீடன் கணினி அறிவியல் ஆய்வுக்கழகத்தில் இருந்த ஆடம் டங்கல்ஸ் காண்டிக்கியை 2003-ல் வெளியிட்டார். அவர் செய்த பெரிய உபகாரம் புரோட்டோதிரெட். நிகழ்வு வழியில் ஓடினாலும், எழுதுகிறவர் வழக்கமான சி மொழியில் ‘இது நடக்கும் வரை காத்திரு, பிறகு அடுத்த வரிக்குப் போ’ என்று மேலிருந்து கீழாக எழுதலாம். படிக்கிற புத்தகத்தில் பக்க அடையாளம் வைத்துவிட்டு எழுந்து போகிற மாதிரி, எந்த வரியில் நின்றோம் என்பதை மட்டும் அது குறித்து வைக்கும். அந்தக் குறிப்புக்கு ஆகிற நினைவகம் ஒரு புரோட்டோதிரெட்டுக்கு 2 பைட்டு.

இந்த 2 பைட்டின் அருமை சின்னச் சிப்பில் வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். ரிச்சர்ட் பேரி 2003-ல் தொடங்கிய ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இயங்குதளமும் நல்ல சாமான்தான், உலகம் முழுக்க ஓடுகிறது, 2017-லிருந்து அமேசான் பராமரிக்கிறது. ஆனால் அதில் ஒவ்வொரு டாஸ்குக்கும் (புராசசுக்கு அங்கே அந்தப் பேர்) தனி ஸ்டாக், அதாவது இடைக்கணக்கு எழுதிவைக்கும் நினைவகம், ஒதுக்க வேண்டும். ஒரு டாஸ்குக்கு 1 கிலோபைட்டு என்று வைத்தாலும் பத்து டாஸ்குக்கு 10 கிலோபைட்டு போய்விடும். நான் பயன்படுத்துகிற, ரேடியோவும் உள்ளேயே இருக்கும் சிசி1310 சிப்பில் மொத்த ராமே 20 கிலோபைட்டு. காண்டிக்கியில் எல்லாப் புராசசும் ஒரே ஸ்டாக்கில் ஓடுகின்றன.

2017-ல் பழைய காண்டிக்கியிலிருந்து பிரிந்து வந்ததுதான் என்ஜி. பழைய சிப்புகளுக்கான குப்பைகளைக் கழித்துவிட்டு, 32-பிட் சிப்புகளையும், இணையத்தின் புது முகவரி முறையான ஐபிவி6 வலையையும் மையமாக வைத்துத் திருத்தியிருக்கிறார்கள். உரிமம் பிஎஸ்டி, காசு கொடுக்க வேண்டியதில்லை, விற்கும் பெட்டியிலும் போடலாம். முழு வலையமைப்போடு சேர்த்தால் நிரல் சுமார் 100 கிலோபைட்டு வரும் என்று அவர்களே சொல்கிறார்கள். நிரலை வைக்கும் ஃபிளாஷ் நினைவகம் 128 கிலோபைட்டு உள்ள என் சிப்பில் அடங்கியது, ஆனால் நெருக்கடிதான். இப்போது தொடங்குகிறவர்கள் 352 கிலோபைட்டு ஃபிளாஷும் 80 கிலோபைட்டு ராமும் உள்ள சிசி1312ஆர் பக்கம் போனால் நிம்மதி.

மழைமானியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன், ஏனென்றால் இந்த இயங்குதளம் தன் தகுதியைக் காட்டுகிற இடம் அதுதான். புனலுக்குக் கீழே ஊஞ்சல் மாதிரி இரண்டு சின்னக் கரண்டிகள். 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் ஒரு பக்கம் கவிழும், மறுபக்கம் நிரம்பத் தொடங்கும். கவிழும்போது ஒரு காந்தம், காந்தம் பட்டால் மூடும் ரீட் சுவிட்சைக் கடந்து போகிறது. சுவிட்ச் கண் இமைப்பதற்குள் மூடித் திறந்துவிடும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டினால் மணிக்கு 500 கவிழ்ப்பு. அதாவது 7 விநாடி சொச்சத்துக்கு ஒன்று. மேலே சொன்ன சுற்று நிரல் சேதி அனுப்ப 10 விநாடி இழுத்துக்கொண்டு நின்றால், அதற்குள் ஒன்றிரண்டு கவிழ்ப்பு எண்ணப்படாமலே போய்விடும். மழை எவ்வளவு வலுக்கிறதோ அவ்வளவுக்குப் பிழையும் கூடும், அதுவும் குறைத்துக் காட்டும் பிழை. வெள்ளம் பார்க்கிற கருவி இப்படிப் பிழை காட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

காண்டிக்கியில் சுவிட்ச் மூடிய கணமே இன்டரப்ட், அதாவது சிப்பைத் தட்டி அழைக்கும் குறுக்கீடு, வந்து விழுகிறது, சிப் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. அந்த இடத்தில் செய்ய வேண்டியவை மூன்றே வேலை. முந்தைய கவிழ்ப்பிலிருந்து 100 மில்லிவிநாடி ஆகாவிட்டால் அது சுவிட்சின் அதிர்வு, தள்ளிவிடு. ஆகியிருந்தால் எண்ணை ஒன்று கூட்டு. மழைப் புராசசுக்குப் ‘போல்’ என்ற எழுப்பும் அழைப்பைக் கொடு. இன்டரப்டுக்குள்ளிருந்து புராசசைக் கூப்பிடப் பாதுகாப்பான வழி ‘போல்’ ஒன்றுதான். ‘போஸ்ட்’ என்ற மற்ற வழியை அங்கே கூப்பிடக் கூடாது. ‘போஸ்ட்’ நிகழ்வு வரிசையில் ஒரு இடத்தைப் பிடிக்கும், அந்த வரிசை வழக்கமாக 32 இடம்தான், நிறைந்துவிட்டால் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். ‘போல்’ ஒரு கொடியை மட்டும் உயர்த்தும். புராசஸ் எழுவதற்குள் இரண்டு தடவை ‘போல்’ வந்தாலும் ஒரு தடவைதான் எழும். அதனால்தான் எண்ணுவதை இன்டரப்டிலேயே முடித்துவிட வேண்டும். எழுந்து வருகிற புராசஸ் அந்த எண்ணை எடுத்து என்ன செய்வது என்று பார்த்தால் போதும். இன்னொன்று, அனுப்பிய பிறகு எண்ணைச் சுழியத்துக்குத் திருப்பாதீர்கள். ஏறிக்கொண்டே போகட்டும். மொத்தத்தை அனுப்பி, ஆபீஸ் பக்கத்தில் கழித்துப் பார்த்துக்கொண்டால், நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் மழை தொலையாது.

பெட்டியைக் கையில் வைத்து மழைமானியில் சிரிஞ்சால் தண்ணீர் விட்டுக்கொண்டே, அதே நேரம் பக்கத்துப் பெட்டிகள் இரண்டிலிருந்து பாக்கெட்டுகளைக் கொட்டவிட்டுப் பார்த்தேன். கரண்டி கவிழ்ந்த எண்ணிக்கையும் திரையில் வந்த எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தன. இந்தச் சோதனையில் தேறாத எதையும் காட்டுக்குள் கொண்டுபோய் நட மாட்டேன்.

அதே 2 பைட்டுக்கு ஒரு விலையும் இருக்கிறது. என்னோடு வேலை பழகுகிற பையன் பாலிடெக்னிக் முடித்தவன், கெட்டிக்காரன். நீர்மட்டத்தைச் சராசரி எடுக்கும் புராசஸ் ஒன்றை எழுதினான். சோதிக்கும்போது ஓடிவந்தான்.

“அண்ணே, மொத ரீடிங் சரியா வருது. டைமர் முடிஞ்சி எந்திரிச்சதும் டோட்டல்ல என்னமோ பெரிய நம்பரு நிக்கிது. நான் ஒண்ணுமே தொடலண்ணே.”

“அந்த டோட்டல எங்க தம்பி வச்ச?”

“ஃபங்ஷன் உள்ளதாண்ணே.”

அதுதான் விஷயம். புரோட்டோதிரெட் எந்த வரியில் நின்றோம் என்பதை மட்டுமே நினைவில் வைக்கும். காத்திருக்கும் இடத்தில் கையை விட்டதும் ஸ்டாக்கில் இருந்த உள்ளூர் மாறிகள் எல்லாம் போயிற்று. மற்ற புராசஸ்கள் அதே இடத்தில் தங்கள் கணக்கை எழுதிவிடும். காத்திருப்பைத் தாண்டி உயிரோடு இருக்க வேண்டிய எந்த மாறிக்கும் முன்னால் ‘ஸ்டாட்டிக்’ போட வேண்டும். நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் சில நேரம் எச்சரிக்கும், சில நேரம் வாயே திறக்காது. இதோடு சேர்ந்த இரண்டு கட்டுப்பாடுகளும் உண்டு. புரோட்டோதிரெட் உள்ளுக்குள் சி மொழியின் ‘சுவிட்ச்’ கட்டளையால் கட்டப்பட்டது. அதனால் நாம் எழுதுகிற ‘சுவிட்ச்’ கட்டளைக்கு நடுவில் காத்திருக்கக் கூடாது. காத்திருக்கும் வரி புராசசின் சொந்த உடம்புக்குள்தான் இருக்க வேண்டும், அது கூப்பிடுகிற வேறு சாதாரண ஃபங்ஷனுக்குள் வைக்க முடியாது. பழகிவிட்டால் இவை தொந்தரவே இல்லை. ஆனால் ஆவணத்தில் இவை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் புதிதாக வருகிற எல்லாரும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அடுத்து வலை. செம்பனைக் காட்டுக்குள் ரேடியோ போவது லேசல்ல. ஈரமான மட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே விழுங்கிவிடும், மழை நேரத்தில் இன்னும் மோசம். 1 கிகாஹெர்ட்சுக்குக் கீழே போனால் நிலைமை தேவலை. நம் நாட்டில் இப்படிப்பட்ட கருவிகள் ஓட 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது. காண்டிக்கியின் அமைப்புக் கோப்பில் அலைவரிசையை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு உதாரணத்தை அப்படியே எடுத்து ஏற்றினால் ஐரோப்பாவின் 868-ல் போய் நிற்கும்.

ஒரு ரேடியோ பாக்கெட்டில் 127 பைட்டுதான் கொள்ளும். ஐபிவி6-க்கோ 1280 பைட்டு வரையுள்ள பாக்கெட்டும் போக வழி இருக்க வேண்டும். நடுவில் சிக்ஸ்லோபான் என்ற அடுக்கு தலைப்பைச் சுருக்கி, துண்டாக்கி, மறுபக்கம் ஒட்டித் தருகிறது. அதற்கு மேல் ஆர்பிஎல் என்ற வழி தேடும் முறை. ஆபீஸ் கூரையில் இருக்கும் பெட்டிதான் வேர். மற்ற ஒவ்வொன்றும் வேருக்குப் போக நல்ல வழி உள்ள ஒரு பெட்டியைத் தாயாக வைத்துக்கொள்ளும். எல்லாம் சீராக இருந்தால் தங்களுக்குள் பேசும் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும், ஏதாவது மாறினால் உடனே அடிக்கடி பேசத் தொடங்கும். வலையில் சத்தம் குறைகிறது, பேட்டரியும் மிச்சம்.

மட்டை வெட்டுகிற நாளில் ஒரு பெரிய மட்டை நடுவிலிருந்த பெட்டியின் ஆன்டெனா மேல் விழுந்து அதைச் சாய்த்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. பின்னால் இருந்த பெட்டிகளில் ஒன்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொன்றைத் தாயாகப் பிடித்துக்கொண்டு தன் கீழ் இருந்தவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆபீசில் நீர்மட்டக் கோடு அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது. வழி மாறிய தகவலைப் பார்த்துத்தான் ஆன்டெனாவைத் தேடிப் போனோம். இந்த ஒரு காரியத்துக்காகவே இந்த வலையமைப்பை நான் மனதாரப் பாராட்டுவேன். வேர்ப் பெட்டியை ‘ராஸ்பெர்ரி பை’ என்ற சிறு கணினியில் செருகி, கூடவே வருகிற டன்ஸ்லிப்6 என்ற சிறு நிரலை ஓட்டினால் காட்டுக்குள் நிற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்த ஐபி முகவரி கிடைக்கும். ஆபீஸ் கிராணி கணினியிலிருந்தே ஒரு பெட்டியைப் பேர் சொல்லிக் கேட்டு அப்போதைய நீர்மட்டத்தை வாங்கலாம்.

இப்போது குறைக்கு வருகிறேன். பேட்டரிக்குப் பேர்போன இயங்குதளம் என்று நம்பி வருகிறவர்களுக்கு இது கசப்பாக இருக்கும். பழைய காண்டிக்கியில் காண்டிக்கிமேக் என்று ஒன்று இருந்தது. ரேடியோவை அணைத்தே வைத்து, இடையிடையே எழுந்து காற்றில் யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டுத் தூங்கும். என்ஜியில் அதை எடுத்துவிட்டார்கள். வழக்கமாக வருவது சிஎஸ்எம்ஏ என்ற முறை; அதில் ரேடியோ எப்போதும் காதைத் திறந்தே வைத்திருக்கும். சிசி1310 கேட்டுக்கொண்டிருக்கும்போது சுமார் 5.5 மில்லி ஆம்பியர் குடிக்கும். 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 450 மணி நேரம், அதாவது மூன்று வாரம்கூட இல்லை. அதே சிப் தூங்கும்போது 1 மைக்ரோ ஆம்பியருக்கும் கீழே. சிப்பில் கணக்குப் போடும் பகுதியான ப்ராசசரை எவ்வளவு அழகாகத் தூங்கவைத்தாலும் ரேடியோ விழித்திருந்தால் பயனில்லை. இதை உதாரண நிரல்களோடு சேர்த்தே எச்சரித்திருக்க வேண்டும். எச்சரிக்காததால் முதல் முறை ஏற்றுகிற எத்தனையோ பேர், இது பேட்டரியைத் தின்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

தீர்வு இருக்கிறது, அதன் பேர் டிஎஸ்சிஎச். வலையில் உள்ள எல்லாப் பெட்டியும் ஒரே கடிகாரத்துக்குப் பொருந்தி, காலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். எந்தத் துண்டில் யார் பேசுவது, யார் கேட்பது என்று அட்டவணை இருக்கிறது. தனக்கு வேலை இல்லாத துண்டில் ரேடியோ அணைந்திருக்கும். துண்டுக்குத் துண்டு அலைவரிசையும் மாறுவதால் ஒரு சேனல் மோசமானாலும் சேதி போய்ச் சேரும். ஆர்கெஸ்ட்ரா என்ற பகுதியைச் சேர்த்தால் அட்டவணையை ஆர்பிஎல் வழிகளைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்ளும். ரேடியோ விழித்திருக்கும் நேரத்தை நூற்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால் அதே பேட்டரி, கணக்குப்படி, ஐந்து வருடம் தாங்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் பேட்டரி தானாகவே அதற்கு முன் செத்துவிடும், அது வேறு.

இதிலும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வழக்கமான துண்டு 10 மில்லிவிநாடி, அது 2.4 கிகாஹெர்ட்சுக்காகப் போட்ட கணக்கு. 1 கிகாஹெர்ட்சுக்குக் கீழே விநாடிக்கு 50 கிலோபிட்டில் ஓடினால் 127 பைட்டுப் பாக்கெட் போகவே 20 மில்லிவிநாடி ஆகும். துண்டை நீட்டாமல் விட்டால் ஒன்றும் போகாது. இரண்டாவது, ஆர்டைமர் என்ற நுணுக்கமான டைமரில் ஒரே நேரத்தில் ஒரு வேலையைத்தான் போட்டுவைக்க முடியும், டிஎஸ்சிஎச் அதை எடுத்துக்கொள்கிறது. அல்ட்ராசோனிக் சென்சாரின் எதிரொலியை அளக்க ஆர்டைமரை நம்பியிருந்தால் மாற்றுவழி பார்க்க வேண்டும். நான் அழுத்தமானி வகை நீர்மட்டச் சென்சாருக்கு மாறிவிட்டேன். சேற்றுத் தண்ணீருக்கும் சிலந்தி வலைக்கும் அதுதான் சரிப்பட்டும் வருகிறது.

எனர்ஜெஸ்ட் என்ற பகுதி உள்ளேயே இருப்பது பெரிய உதவி. ப்ராசசர் எவ்வளவு நேரம் விழித்தது, தூங்கியது, ரேடியோ எவ்வளவு நேரம் பேசியது, கேட்டது என்று கணக்கு வைத்துச் சொல்லும். நான் அந்த நான்கு எண்ணையும் தினமும் ஒரு தடவை ஆபீசுக்கு அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். எந்தப் பெட்டி வழக்கத்தைவிட அதிகம் விழித்திருக்கிறது என்று பார்த்தால் போதும், பேட்டரி இறங்கும் முன்பே காரணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் தாயைத் தேடி அலைகிற பெட்டியாக இருக்கும். அதற்கு அருகில் இன்னொன்றை நட்டால் அடங்கிவிடும்.

பம்ப் பேனலுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், காண்டிக்கியில் எந்தப் புராசசையும் யாரும் பாதியில் நிறுத்த மாட்டார்கள். ஒரு புராசஸ் கணக்கில் மூழ்கிக் கையை விடாமல் இருந்தால் மற்ற எல்லாம் காத்திருக்கும், காவலுக்கு இருக்கிற வாட்ச்டாக் கடைசியில் சிப்பையே ரீசெட் செய்யும். நீர்மட்டப் பெட்டிக்கு இதனால் ஒன்றும் குடிமுழுகாது. மோட்டார் ஓவர்லோடு ஆனால் இத்தனை மில்லிவிநாடிக்குள் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் காண்டாக்டரைத் திறந்துவிட வேண்டும் என்கிற இடத்தில் முன்னுரிமை வைத்துக் குறுக்கிடும் ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற ஒன்று வேண்டும். என் பேனல்களில் அதுதான் ஓடுகிறது, சூடேறினால் மோட்டாரை நிறுத்தும் தெர்மல் ரிலேயும் எந்த நிரலையும் நம்பாமல் தனியாக இருக்கிறது. ரயட் என்று இன்னொன்றும் உண்டு, 2013-ல் ஐரோப்பாவில் தொடங்கியது, சின்னச் சிப்பிலேயே திரெட் வசதி தருகிறது. நிறையப் போர்டுகளை ஆதரிக்கிறது, ஆவணமும் நன்றாக இருக்கிறது. 20 கிலோபைட்டு ராமுக்குள் முழு வலையையும் டிஎஸ்சிஎச்சையும் சேர்த்து அடக்க வேண்டிய என் வேலைக்குக் காண்டிக்கிதான் தோதாக இருந்தது.

ஆவணம் பற்றிச் சொல்ல வேண்டும். இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே பாதி தெரிந்தவருக்காக எழுதியது. உதாரண நிரல்கள்தான் உண்மையான ஆசிரியர். ஹலோ-வேர்ல்ட் என்ற தொடக்க உதாரணத்தை முடித்துவிட்டு நேராக ஆர்பிஎல் யுடிபி என்ற உதாரணத்துக்குப் போய், வரி வரியாகப் படியுங்கள். கருவிகளை ஒவ்வொன்றாக நிறுவுவது தலைவலி. அவர்களே தருகிற டாக்கர் பெட்டகத்தை எடுத்தால் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். இணைய வேகம் குறைந்த இடமென்றால் ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுத்த பெட்டிகளில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதைக் குறித்து வைத்து, பாதுகாப்புத் திருத்தம் வந்தால் படித்துப் பார்த்து மாற்றுங்கள். ரேடியோவுக்கு ஏஇஎஸ்-128 மறையாக்கம் உள்ளேயே உண்டு, அதை நாம்தான் இயக்க வேண்டும். உதாரணத்தில் இருக்கும் சாவி உலகத்துக்கே தெரிந்த சாவி. ஒவ்வொரு தோட்டத்துக்கும் சொந்தச் சாவி போடாமல் பெட்டியைக் கொடுப்பது தப்பு. வாட்டர் கேட்டைத் திறக்கச் சொல்லும் சேதி அந்த வழியாகத்தான் வருகிறது.

கூஜா என்ற சிமுலேட்டரும் கூடவே வருகிறது. பெட்டிகளைத் திரையில் நட்டு, யாருடைய அலை யாரை எட்டும் என்று வரைந்து, காட்டில் ஓடப்போகிற நிரலையே அங்கே ஓடவிட்டுப் பார்க்கலாம். நடுப்பெட்டியைத் தூக்கிவிட்டால் மற்றவை எப்படி வழி தேடுகின்றன என்பது கண்ணெதிரில் தெரியும். பையனுக்கு நான் ஆர்பிஎல் சொல்லிக் கொடுத்தது இதில்தான். நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு பினாங்கு, ஷா ஆலாம் பக்கம் ஃபேக்டரி லைனில் நிற்கிறார்கள். சொந்த ஊர்த் தோட்டத்திலேயே இந்த வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பக்கம் உள்ளவர்கள் யாருக்காவது பழக ஆசையிருந்தால் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடைக்கு வாருங்கள். ஒரு லேப்டாப்பும் பழைய போர்டு இரண்டும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மழை இல்லையென்றால் பிளாக்கில் நிற்கிற பெட்டி ஒன்றையும் திறந்து காட்டிவிட்டு வரலாம்.